டிராகுலாவைத் தெரிந்த ‘ஹெல்சிங்’, வார்சாவைத் தெரியாத ‘ஹெல்சிங்’

வரலாறு பேசுற இடத்துல அனிமே எதுக்குன்னு சிலர் கேட்கலாம். இன்னைக்கு எடுத்துக்கிட்ட ‘ஹெல்சிங்’ தொடரைப் பார்த்தவங்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. பதினைந்தாம் நூற்றாண்டு வலாக்கியா, விக்டோரியா காலத்து லண்டன், வட அயர்லாந்துச் சண்டை, வாடிகன், நாஜிகள், சிலுவைப்போர் எல்லாத்தையும் ஒரே குண்டான்ல போட்டுக் கிளறி, மேல ஒரு அண்டா ரத்தத்தையும் ஊத்தின கதை அது. பத்தொன்பது, இருபது வயசுல இதைப் பார்க்கிற யாருக்கும் தலை சுத்தும். எனக்கும் சுத்துச்சு. இப்போ திரும்பப் பார்க்கும்போது சில இடங்கள் முன்னைவிட நல்லா இருக்கு, சில இடங்கள் தொண்டையில சிக்குது. ஏன்னு பேசலாம்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். கௌடா ஹிரானோ எழுதி வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ், 1997இல் தொடங்கி 2008 வரை ‘யங் கிங் அவர்ஸ்’ என்ற இதழில் தொடராக வந்தது. மொத்தம் பத்து தொகுதிகள். அனிமேவாக இரண்டு முறை வந்திருக்கிறது. முதலாவது, கோன்சோ நிறுவனம் எடுத்த 13 பகுதித் தொலைக்காட்சித் தொடர், 2001 அக்டோபரில் ஆரம்பித்தது. இரண்டாவது, 2006 முதல் 2012 வரை டிவிக்குப் போகாமல் நேரடியாக டிஸ்க்கில் வெளியான ‘ஹெல்சிங் அல்டிமேட்’, பத்து பாகங்கள். பத்து பாகத்துக்கு ஏழு வருஷம். நடுவுல மூணு ஸ்டூடியோ கை மாறுச்சு. காத்திருந்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

கதை சுருக்கமாக: பிரிட்டனில் ஹெல்சிங் என்ற ரகசிய அமைப்பு இருக்கிறது. அரச குடும்பத்துக்கும் புராட்டஸ்டண்ட் திருச்சபைக்கும் கட்டுப்பட்டு ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடுவது அதன் வேலை. தலைவி இன்டெக்ரா என்ற இளம்பெண், சுருட்டு பிடிப்பவள், யாருக்கும் தலைவணங்காதவள். அவளுடைய முக்கிய ஆயுதம் ஆலுகார்ட். அவனே ஒரு காட்டேரி. காட்டேரியை வைத்துக் காட்டேரியைக் கொல்கிறார்கள்.

‘காட்டேரி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்ன விஷயம். நம்ம ஊர்க் காட்டேரிக்கும் இந்த ஐரோப்பிய ரத்தப் பேய்க்கும் உறவு எதுவும் கிடையாது. நம்ம காட்டேரிக்குப் பல ஊர்ல படையலே உண்டு. மொழிபெயர்ப்புல மாட்டிக்கிட்ட பேர் அது. வேற நல்ல சொல் இல்லாததால நானும் அதையே வச்சுக்கிறேன்.

ஆலுகார்ட் என்ற பெயரைத் திருப்பிப் படித்தால் டிராகுலா. இந்தத் தந்திரம் ஹிரானோவுடையது அல்ல. 1943இல் யுனிவர்சல் எடுத்த ‘சன் ஆஃப் டிராகுலா’ படத்திலேயே லான் சேனி ஜூனியர் ‘கவுண்ட் ஆலுகார்ட்’ என்ற பெயரில்தான் வருவார். அதற்கும் முன்னால் போனால் 1897. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் வெளிவந்த வருஷம்.

ஸ்டோக்கர் டப்ளினில் பிறந்த அயர்லாந்துக்காரர். லண்டன் லைசியம் தியேட்டரில் நிர்வாகியாக வேலை பார்த்தவர். நாவலுக்காக அவர் எடுத்த கைக்குறிப்புகள் இன்றைக்கும் பிலடெல்பியாவில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் அந்தப் பாத்திரத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘கவுண்ட் வாம்பயர்’ மாதிரியான ஒன்று, இடம் ஆஸ்திரியப் பக்கம். 1890இல் விட்பி என்ற கடற்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போனபோது, அங்கே வில்லியம் வில்கின்சன் என்பவர் வலாக்கியாவைப் பற்றி எழுதிய ஒரு பழைய புத்தகத்தைப் படிக்கிறார். அதில் ‘டிராகுலா’ என்ற பெயர் கண்ணில் படுகிறது. பெயர் பிடித்துப்போனது, எடுத்துக்கொண்டார். நடந்தது ஏறக்குறைய அவ்வளவுதான். கழுவில் ஏற்றியதைப் பற்றியோ, விளாட் என்ற பெயரோ அந்தக் குறிப்புகளில் இல்லை. டிராகுலாவும் விளாடும் ஒரே ஆள் என்று உலகம் முழுக்க நம்ப ஆரம்பித்தது ரொம்பப் பிற்பாடு, 1972இல் மெக்னலி, ஃப்ளோரெஸ்கு என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய ‘இன் சர்ச் ஆஃப் டிராகுலா’ புத்தகத்துக்குப் பிறகு. ஹிரானோ இந்தப் பிற்கால டிராகுலாவைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

சரி, யார் இந்த விளாட்?

மூன்றாம் விளாட், வலாக்கியாவின் ஆட்சியாளன். இன்றைய ருமேனியாவின் தென்பகுதி அது. அப்பா இரண்டாம் விளாட், 1431இல் ‘டிராகன் படையணி’ என்ற கிறிஸ்தவ வீரர் அமைப்பில் சேர்க்கப்பட்டதால் அவருக்கு ‘டிராகுல்’ என்று பெயர். அவருடைய மகன் என்பதால் ‘டிராகுலா’. சின்ன வயதிலேயே அப்பா இவனையும் தம்பி ராடுவையும் ஒட்டோமான் சுல்தானிடம் பணயமாக விட்டுவிட்டுப் போனார். ஒரு பக்கம் ஹங்கேரி, இன்னொரு பக்கம் ஒட்டோமான் பேரரசு. நடுவில் நசுங்கும் சின்ன நாட்டுக்கு அதுதான் அரசியல். பிள்ளைகளை அடகு வைத்தால்தான் நாற்காலி மிஞ்சும்.

ஆட்சிக்கு வந்தபிறகு விளாட் செய்த கொடுமைகளுக்குச் சாட்சி அவனே எழுதிய கடிதம். 1462 பிப்ரவரியில் ஹங்கேரி மன்னன் மத்தியாஸ் கோர்வினஸுக்கு எழுதுகிறான். டான்யூப் கரையோரம் 23,000க்கும் அதிகமான பேரைக் கொன்றதாக ஊர் வாரியாகக் கணக்குக் கொடுக்கிறான். அதோடு வீட்டோடு எரிந்துபோனவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை என்று குறிப்பு வேறு. அந்த ஜூன் மாதம் இரண்டாம் மெஹ்மது, கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த அதே சுல்தான், பெரும்படையோடு வருகிறார். தர்கோவிஷ்தே அருகே ராத்திரியில் சுல்தானின் முகாமுக்குள் புகுந்து விளாட் தாக்குகிறான். சுல்தான் தப்பிவிட்டார். பிறகு தலைநகரை நெருங்கிய ஒட்டோமான் படை, வழியில் கழுவேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான உடல்களைப் பார்த்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் சால்கோகொண்டிலஸ் எழுதியிருக்கிறார்.

இவ்வளவு செய்தும் விளாட் தோற்றான். அவனுடைய தம்பி ராடுவையே சுல்தான் அரியணையில் உட்காரவைத்தார். உதவி கேட்டுப் போன இடத்தில் மத்தியாஸ் அவனைப் பிடித்துப் பல வருஷம் காவலில் வைத்தார். அந்தச் சிறைக் காலத்தில்தான் அச்சுத் தொழில் பரவிக்கொண்டிருந்த ஜெர்மன் நகரங்களில் விளாடைப் பற்றிய பயங்கரக் கதைகள் கிளம்பின. பின்னால் வந்த பதிப்புகளில், கழுவேற்றிய உடல்களுக்கு நடுவில் மேசை போட்டு அவன் சாப்பிடும் மரச்செதுக்குப் படமும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்துப் பரபரப்புப் பத்திரிகைன்னு வச்சுக்கலாம். கடைசியாக 1476 இறுதியிலோ அடுத்த ஜனவரியிலோ போரில் இறந்தான். தலை சுல்தானுக்கு அனுப்பப்பட்டது.

ருமேனியாவில் இவன் கதையே வேற. நியாயம் தவறாத, அந்நியனுக்குப் பணியாத அரசன்னு ஒரு மரபு. சௌஷெஸ்கு ஆட்சி 1976இல் இவனுடைய 500ஆம் ஆண்டு நினைவைக் கொண்டாடியது. சர்வாதிகாரிகளுக்கு இந்த மாதிரி முன்னோர் ரொம்ப உதவுவாங்க.

இப்போ அனிமேவுக்கு வரலாம். ‘ஹெல்சிங்’ எனக்கு ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் நான் காட்டும் இடம் அல்டிமேட்டின் எட்டாவது பாகம். லண்டன் எரிந்துகொண்டிருக்கிறது. ஆலுகார்ட் ஒரு பேய்க் கப்பலில் தேம்ஸ் நதி வழியே வந்து இறங்குகிறான். ஸ்டோக்கர் நாவலில் டிராகுலா கப்பலில் இங்கிலாந்து வந்து சேர்வதைப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும். இன்டெக்ரா தன் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் நீக்கி உத்தரவு கொடுக்கிறாள். உடனே அவனுக்குள்ளிருந்து ரத்தம் வெள்ளமாக வெளியே வருகிறது. அந்த வெள்ளத்தில் அவன் இதுவரை குடித்த எல்லா உயிர்களும் எழுந்து நடக்கின்றன. முன்னால் வலாக்கியக் குதிரைப்படை. கூடவே ஒட்டோமான் ஜானிசரிகள். அவன் கழுவேற்றியவர்களும், அவனுக்காகச் செத்தவர்களும் ஒரே அணியில்.

திரைக்கதையாகப் பார்த்தால் அது வெறும் பிரம்மாண்டம். வரலாறாகப் பார்த்தால் எனக்கு அது அதைவிடப் பெரிய விஷயம். ஒரு மன்னன் தின்ற உயிர்களுக்குள்ளே நம்மாள், எதிரியாள் என்ற பேதம் இல்லை. கடைசியில் அவர்கள் எல்லாரும் அவன் வயிற்றில்தான். அந்தக் காட்சிக்கு நடுவே, தன் நாடு, தன் மக்கள், தன் படை எல்லாம் அழிந்து சாகக் கிடந்த விளாட், போர்க்களத்தில் சிந்திய ரத்தத்தை நக்கிக் காட்டேரியாக மாறும் பழைய நினைவு வருகிறது. கடவுளுக்காகப் போராடுகிறேன் என்று நம்பியவன். போர் முடிந்தால் சொர்க்கம் இறங்கி வரும் என்று எதிர்பார்த்துக் கடைசியில் எதுவும் இறங்கி வராமல் தனியாக நின்றவன். நிஜ விளாட் அப்படித்தான் நினைத்தானா என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டு எல்லைப்புறத்தில் ஒரு சின்ன அரசன் எப்படி உடைவான் என்பதை அந்த சில நிமிடம் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது.

அதனால்தான் ஆலுகார்ட் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்கிறான்: அசுரனைக் கொல்ல மனிதனால்தான் முடியும் என்று. அவனுக்கு மனிதர்கள் மீது பொறாமை. வாடிகனின் கொலைப் பாதிரி ஆண்டர்சன், கைநிறையத் துப்பாக்கிக் கத்திகளோடு திரியும் ஆள், ஆலுகார்டை வெல்ல ஒரு புனித ஆணியை நெஞ்சில் குத்திக்கொண்டு தானும் மனிதத்தன்மையை இழக்கப்போகிறான். அப்போது எதிரியான ஆலுகார்ட் அவனைக் கெஞ்சித் தடுக்கிறான். நீயாவது என்னைப்போல ஆகாதே என்று. நாலு மணி நேரம் துப்பாக்கிச் சத்தத்துக்கு அப்புறம் வர்ற அந்தக் கெஞ்சல் மனசுல நிக்கும்.

இன்னொன்றும் சொல்லணும். ஸ்டோக்கர் நாவலில் வான் ஹெல்சிங்கும் கூட்டாளிகளும் டிராகுலாவை விரட்டிப் போய்க் கொன்றுவிடுகிறார்கள். ஹிரானோவின் கதையில் கொல்லவில்லை. தோற்கடித்து, கட்டிப்போட்டு, நூறு வருஷம் தங்கள் வேலைக்காரனாக வைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டிஷ் பேரரசைப் பற்றி ஸ்டோக்கரைவிட ஹிரானோவுக்குத்தான் அதிகம் தெரியும்போல. தோற்கடித்தவனின் படையையே தன் படையில் சேர்த்துக்கொள்வது அந்தப் பேரரசின் வழக்கம். 1849இல் சீக்கியர்களைத் தோற்கடித்துப் பஞ்சாபைச் சேர்த்துக்கொண்டார்கள். எட்டே வருஷத்தில், 1857 கிளர்ச்சியை அடக்க அதே பஞ்சாபிலிருந்து சீக்கியப் படைகள் போயின. ஆலுகார்டின் கழுத்துல இருக்கிற சங்கிலியும் அதே பட்டறையில அடிச்சதுதான்.

கிறிஸ்தவச் சண்டையைப் பற்றி நீட்ட வேண்டாம். வாடிகனின் பதின்மூன்றாம் பிரிவு ‘இஸ்காரியட்’ என்று ஒரு அமைப்பு, யூதாஸின் பெயரில். அதற்கும் ஹெல்சிங்குக்கும் முதல் மோதல் வட அயர்லாந்தில் நடக்கிறது. மாங்கா ஆரம்பித்த 1997இல் அங்கே நிஜமான சண்டை இன்னும் ஓயவில்லை. புனித வெள்ளி ஒப்பந்தம் 1998 ஏப்ரலில்தான் வந்தது. முப்பது வருஷத்தில் 3,500 பேருக்கு மேல் செத்த பகை அது. மதத்தோடு நிலம், வேலை, ஓட்டு, ராணுவம் எல்லாம் பின்னிய பகை. கதையில் அது ‘நீ கத்தோலிக்கன், நான் புராட்டஸ்டண்ட்’ என்ற குழாயடிச் சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. ஆண்டர்சன் மாதிரி ஒரு பாத்திரம் கிடைத்ததால் மன்னித்துவிடலாம். பிற்பாடு இஸ்காரியட் தலைவன் மேக்ஸ்வெல் லண்டன் மீது ‘ஒன்பதாவது சிலுவைப்போர்’ என்று அறிவித்துப் படையெடுப்பான். 1271–72இல் பாலஸ்தீனம் போன ஒரு படையெடுப்பைச் சிலர் ஒன்பதாவது சிலுவைப்போர் என்று எண்ணுவது உண்டு. அதை நடத்தியவர் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட். இங்கிலாந்து கிளம்பிப்போன எண், இங்கிலாந்துக்கே திரும்பி வருது. வேணும்னே செஞ்சாரோ இல்லையோ, பொருத்தமா இருக்கு.

இனிமேல்தான் சிக்கல். நாஜிகள்.

கதையின் முக்கிய வில்லன் கூட்டம் ‘மில்லேனியம்’. போர் முடிந்தபின் தென்னமெரிக்காவுக்குத் தப்பி ஓடிய எஸ்.எஸ். ஆட்கள், தங்களையே காட்டேரியாக மாற்றிக்கொண்ட ஆயிரம் பேர் கொண்ட படை. இந்த ஓட்டத்துக்கு நிஜ அடிப்படை உண்டு. ஐக்மன் 1950இல் ரிக்கார்டோ கிளெமென்ட் என்ற பொய்ப்பெயரில் அர்ஜென்டினா போனான். ஆஷ்விட்ஸ் மருத்துவன் மெங்கலே 1949இல் அதே நாட்டுக்குப் போய், கடைசியில் 1979இல் பிரேசில் கடற்கரையில் செத்தான். ரோமில் இருந்த ஆலோய்ஸ் ஹூடல் என்ற ஆயர் இப்படித் தப்பியோடிய பலருக்கு உதவியது பதிவான வரலாறு. கதையிலும் இந்தத் தப்பித்தலில் வாடிகனின் கை பேசப்படுகிறது. இதுவரைக்கும் ஹிரானோ நன்றாகவே படித்திருக்கிறார்.

மில்லேனியத்தின் தலைவன் ‘மேஜர்’. குள்ளம், தொப்பை, வட்டக் கண்ணாடி, எப்போதும் ஒரு சிரிப்பு. நாஜிகள் போஸ்டரில் காட்டிய உயரமான ஆரிய வீரனுக்கு நேர் எதிர். நிஜத்திலும் கோயபெல்ஸோ கோரிங்கோ அந்தப் போஸ்டருக்குப் பொருந்தியவர்களா என்ன? நல்ல கிண்டல் அது. நாலாவது பாகத்தில் அவன் படையினர் முன் ஒரு நீண்ட பேச்சு பேசுவான். தனக்குப் போர் பிடிக்கும் என்று ஆரம்பித்து, எந்தெந்த மாதிரிப் போர், எந்த நிலத்தில், எந்த ஆயுதத்தால் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போவான். கொல்வதும் பிடிக்கும், தோற்று ஓடுவதும் பிடிக்கும். கூட்டம் கேட்டுக் கேட்டு வெறியேறும். அனிமே ரசிகர்கள் மத்தியில் இந்தத் தொடரிலேயே அதிகம் பேசப்பட்ட காட்சி இதுதான் என்று நினைக்கிறேன். மேடைப்பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரங்க நாம. அடுக்கடுக்கா ஏறுற பேச்சு நம்மள என்ன செய்யும்னு நமக்குத் தெரியும். அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எண்ணவே இல்லை.

ஆனால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஆறப்போட்டுக் கேட்டால், அதில் ஒன்று விடுபட்டிருப்பது தெரியும். போர் யாருக்கு எதிராக, எதற்காக என்பது. மேஜருக்குக் கொள்கை கிடையாது. இனவெறி கூட ஒரு பொருட்டில்லை. போரே போதும். பாத்திரப்படைப்பாக அது சுவாரசியம்தான். நாஜிகளைப் பற்றிய சித்திரமாக அது தலைகீழ். ஐக்மனை எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் ஜெருசலேம் நீதிமன்றக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் போர்க்களத்தை ரசித்த ஆள் கிடையாது. அவன் வேலை ரயில். எந்த ஊரிலிருந்து எத்தனை யூதர்கள், எந்த ரயிலில், எந்த முகாமுக்கு என்று ஏற்பாடு செய்யும் மேசை வேலை. அறுபது லட்சம் யூதர்கள் செத்தது யாருக்கோ போர் பிடித்திருந்ததால் இல்லை. அவர்கள் இருக்கவே கூடாது என்று ஒரு அரசு முடிவெடுத்துக் கோப்பு போட்டதால். பத்து பாகம் ஓடுற ‘ஹெல்சிங்’ கதையில் எஸ்.எஸ். சீருடை எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்தச் சீருடை யாரைக் கொன்றது என்பதற்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை.

லண்டன் தாக்குதலும் அப்படித்தான். மேஜர் அதற்கு வைக்கும் பெயர் இரண்டாவது ‘கடற்சிங்கம்’. அசல் கடற்சிங்கம், இங்கிலாந்து மீது படையெடுக்க 1940 ஜூலையில் ஹிட்லர் உத்தரவிட்டு, செப்டம்பரில் காலவரையின்றித் தள்ளிவைத்த திட்டம். கதையில் அவர்கள் பிரம்மாண்டமான வான்கப்பல்களில் வருகிறார்கள், அதிலிருந்து வி-1 ஏவுகணைகளை விடுகிறார்கள். செப்பலின் வான்கப்பல்கள் லண்டன் மீது குண்டு போட்டது முதல் உலகப்போரில், 1915 மே மாதத்திலிருந்து. 1940இல் மிச்சம் இருந்த பெரிய வான்கப்பல்களைக் கோரிங் பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டான். இரண்டு போர்களையும் கலந்தது தப்பில்லை, கனவு அப்படித்தான் இருக்கும். கண்ணுக்கு அழகும்கூட. 1940–41 குண்டுவீச்சில் பிரிட்டனில் செத்த பொதுமக்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். அனிமேவில் லண்டன் மக்கள் ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கில் சாகிறார்கள். அதில் ஒருத்தர் பெயர்கூட நமக்குத் தெரியாது. சிவப்பு நிறத்துக்காகச் சாகிறார்கள்.

இதைவிட என்னைத் தொந்தரவு பண்றது வார்சா.

‘தி டான்’ என்று ஒரு முன்கதை இருக்கிறது. இதைச் சிறு சிறு துண்டுகளாக அல்டிமேட்டின் கடைசி டிஸ்க்குகளோடு அனிமேவாகவும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1944 செப்டம்பர், போலந்துத் தலைநகர் வார்சா. மில்லேனியத்தின் ஆராய்ச்சிக்கூடத்தை அழிக்க, பதினாலு வயது வால்டரும், சிறுமி உருவம் எடுத்த ஆலுகார்டும் அனுப்பப்படுகிறார்கள். வால்டர் சவப்பெட்டியோடு விமானத்திலிருந்து வந்து விழுகிறான். பகடி, சண்டை, ஓநாய் மனிதன். ஜாலியான கதை.

அந்த மாதம் அந்த ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஆகஸ்ட் 1ஆம் தேதி போலந்து தாயக ராணுவம் ஜெர்மானியருக்கு எதிராக எழுந்தது. 63 நாள் போராடி அக்டோபர் 2 அன்று சரணடைந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வோலா என்ற பகுதியில் எஸ்.எஸ். படைகள் வீடு வீடாக, மருத்துவமனை மருத்துவமனையாகப் புகுந்து சில நாட்களில் குறைந்தது நாற்பதாயிரம் பேரைக் கொன்றன. ஆஸ்கர் டிர்லெவாங்கர் என்பவனின் படை அதில் முக்கியம். ஜெர்மன் சிறைகளிலிருந்து குற்றவாளிகளை எடுத்துத் திரட்டிய எஸ்.எஸ். பிரிவு அது. மொத்தமாக அந்த இரண்டு மாதத்தில் செத்த பொதுமக்கள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்பது வழக்கமான மதிப்பீடு. பிறகு மிச்சமிருந்தவர்களை வெளியேற்றிவிட்டுத் தெருத் தெருவாக நகரத்தைத் தகர்த்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே யூதச் சேரி தரைமட்டமாகியிருந்தது.

நிஜமான அசுரர்கள் அங்கே, அதே சீருடையில், அதே மாதத்தில் இருந்தார்கள். கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. ஓநாய் மனிதனைக் கொண்டுவந்தார்கள். வார்சா மக்கள் நமக்கு அறிமுகமாவதே இல்லை. வலாக்கியாவில் 1462இல் செத்தவர்களுக்குக் குதிரையும் கொடியும் கொடுத்து வெள்ளத்திலிருந்து எழுப்பின அதே கை, 1944இல் செத்தவர்களை இடிபாடு என்ற பின்னணி ஓவியமாக விட்டுவிட்டது. ஐந்நூறு வருஷம் பழசானவன் மேல் இரக்கம் காட்டுவது சுலபமா? இருக்கலாம். அந்தப் பக்கம் யாரும் வழக்குப் போடப்போறதில்லை, யாரும் மனசு நோகப்போறதில்லை.

இன்னொரு மௌனமும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசும் ஜப்பானியக் கதையில் ஜப்பான் இல்லை. 1940 செப்டம்பர் 27 அன்று ஜெர்மனி, இத்தாலியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மூன்றாவது நாடு ஜப்பான். கதையில் வரும் ‘டாக்டர்’ மனித உடல்களை வைத்துச் சோதனை செய்கிறான், பார்ப்பவருக்கு மெங்கலே நினைவுக்கு வருவார். ஹார்பின் அருகே ஜப்பானிய ராணுவத்தின் 731ஆம் பிரிவு செய்ததும் அதுதான். ஹிரானோ தன் ஊர் வரலாற்றை எழுதியே ஆகணும்னு நான் சட்டம் போடலை. பொழுதுபோக்கு இதழ்ல வந்த காமிக்ஸ் அது. ஆனா ஒரு ஜப்பானிய வாசகனுக்கு இந்தக் கதையில் அசுரன் எப்பவும் வேற தேசத்துக்காரன். படிச்சு முடிச்சு நிம்மதியாத் தூங்கலாம்.

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சீரியஸான காட்சிக்கு நடுவே திடீரென்று உருவங்கள் பொம்மையாகச் சுருங்கிக் கோமாளித்தனம் செய்யும். காமிக்ஸில் பக்கம் திருப்பினால் போச்சு, அனிமேவில் அது உயிரை வாங்கும். செராஸ் விக்டோரியா என்ற போலீஸ்காரப் பெண் நல்ல பாத்திரம். ரத்தம் குடிக்க மறுத்துக் கடைசிவரை இழுத்துப் பிடிப்பவள். அவளை வரைந்தவர்கள் அவள் முகத்தைவிட மற்ற இடங்களையே அதிக நேரம் வரைந்திருக்கிறார்கள். ஆலுகார்டைக் கொல்லவே முடியாது என்பதால் பாதிச் சண்டைகளில் பதைப்பே வராது.

2001 தொடரைப் பற்றி ரசிகர்கள் பொதுவாகத் திட்டுவார்கள். மாங்கா அப்போது முடியாததால் இன்காக்னிட்டோ என்ற புது வில்லனைக் கொண்டுவந்து அவசரமாக முடித்தார்கள், ஓவியமும் பல இடத்தில் பஞ்சம். எல்லாம் உண்மை. ஆனால் யசுஷி இஷியின் இசை, இருட்டான ஆளில்லாத லண்டன் தெருக்கள், சியாகி கொனாகாவின் மெதுவான திரைக்கதை, இதெல்லாம் சேர்ந்து ஒரு குளிர் இருக்கும். அதில் நாஜிப் படையெடுப்பும் கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இப்போ அது கொஞ்சம் அதிகமாப் பிடிக்குதுன்னு சொன்னா, ஹெல்சிங் ரசிகர்கள் அடிக்க வருவாங்க. பரவாயில்லை.

புதுசாப் பார்க்கப்போறவங்களுக்கு: பெரியவர்களுக்கான தொடர், குழந்தைங்க இருக்கிற அறையில் போடாதீங்க. 2001 தொடரின் முதல் நாலைந்து பகுதி பாருங்க, பிடிச்சா அல்டிமேட்டுக்குப் போங்க, எட்டாவது பாகம் வரைக்குமாவது விடாதீங்க. ‘தி டான்’ மாங்கா முடிவில்லாமல் பாதியிலேயே நிக்குது. அதுக்கு முன்னாடி வோலா படுகொலையைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் படிச்சுட்டு உட்காருங்க.